உறுமி பழகிய கை

மிருதங்கம் கற்க வரும் பிள்ளைகளில் சிலருக்குக் கை ஏற்கெனவே பேசும். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் உறுமி மேளத்தோடு நின்று பழகிய கை. ‘த தி தொம் நம்’ என்று முதல் பாடத்தில் உட்கார வைக்கிறோம். அது சரிதான், மிருதங்கத்தின் விரலடி வேறு. ஆனால், பெயர் தெரியாமலே திஸ்ர நடையில் பிசகாமல் நிற்கும் பிள்ளையிடம் ‘இது உனக்குத் தெரிந்ததுதான்’ என்று நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்?

சொல்லத் தயங்குவதற்கு ஒரு பின்னணி உண்டு. சிங்கப்பூரில் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை செல்லும் தைப்பூசப் பாதையில் 1973இல் வாத்தியங்களுக்குத் தடை வந்தது. 2016இல்தான் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. தடைக்குக் காரணம் ஊர்வலத்தில் நேர்ந்த சச்சரவுகள். அந்தக் கெட்ட பெயர் வாத்தியத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டது. வகுப்பறைக்குள்ளும் அது நுழைந்துவிட்டதை நாம் ஒத்துக்கொள்வதில்லை.

பாப் இசைக்கலைஞர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று இசைக்கல்வி ஆய்வாளர் லூசி கிரீன் 2002இல் ஒரு நூல் எழுதினார். ஒலிப்பதிவைக் கேட்டு, நண்பர்களோடு கூடி, பார்த்துப் பார்த்து வாசித்துத்தான். உறுமிக் குழுவும் ஏறக்குறைய இப்படியே கற்கிறது. 2011இல் தொடங்கிய ஸ்டார் என்னும் கலை ஆசிரியர் பயிற்சிக் கழகம் இத்தகைய வழிகளை நம் பள்ளி ஆசிரியர்களிடம் கொண்டுபோனது. நமக்கு இது புதிதா என்ன? குருகுலமே காதுவழிக் கல்விதானே, நோட்டுப் புத்தகம் பிறகு வந்தது.

அதற்காகத் தீபாவளிப் பள்ளி மேடையில் ஒரு நிமிடம் தில்லானா, ஒரு நிமிடம் குத்து, ஒரு நிமிடம் ராப் என்று கோப்பதை நான் ஆதரிக்கவில்லை. அதில் பிள்ளை எதையும் கற்பதில்லை. ஒவ்வொரு இசை வகையிலும் எது பிழை என்பதே வேறு. கர்நாடக இசையில் கமகம் பிசகினால் ராகம் கெடும். திரைப்பாட்டில் ஒலிப்பதிவை விட்டு விலகினாலே கேட்பவர் முகம் சுளிப்பார். ராப்பில் சொல்லழுத்தம் இடம் மாறினால் எல்லாம் போச்சு. ‘எந்திரன்’ படத்தின் ‘இரும்பிலே ஒரு இருதயம்’ பாட்டில் ராப் பாடிய காஷ், கிரிஸி இருவரும் நம் ஊர்ப் பெண்கள். அவர்கள் பகுதியை ஆதி தாளத்தில் எண்ணச் சொல்லுங்கள். எடுப்பு என்றால் என்னவென்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

என் பரிந்துரை ஒன்றுதான். இரண்டாம் ஆண்டுத் தேர்வில் கீதத்தோடு, மாணவர் தாம் அறிந்த வேறொரு வகையிலிருந்து ஓர் உருப்படி வாசிக்கட்டும், அதில் எது பிழையாகும் என்றும் விளக்கட்டும். தேர்வாளருக்கு உறுமி தெரியாதே என்பீர்கள். தெரிந்த குழுத்தலைவரை அழைத்துத் தேர்வாளர் மேசையருகே ஒரு நாற்காலி போடுங்கள், மற்றவர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியத்தோடு.