பட்டதாரிகளின் வீட்டாருக்கும் ஒரு மேடை

ஆஸ்டின் டெக்சஸ் பல்கலைக்கழகத் தலைவர் அவர்களுக்கு,



மே மாதம் உங்கள் கால்பந்து அரங்கில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகப் பட்டதாரிகள் ஆகிறார்கள். பெருமைக்குரிய காட்சிதான். ஆனால் பெற்றவர்களுக்கு அங்கே வேலையில்லை. எட்டத்தில் உட்கார்ந்து கைதட்டலாம், அவ்வளவுதான். கறுப்பின மாணவர்களும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஆசிய மாணவர்களும் தங்களுக்கென்று சிறு விழாக்கள் நடத்திவந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆசியர்களின் விழாவுக்கு 'கிராஜுஏசியன்' என்று பெயர்.

பொதுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மைத் திட்டங்களைத் தடைசெய்யும் டெக்சஸ் மாநிலத்தின் எஸ்.பி. 17 சட்டம் 2024 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்ததும் இவற்றுக்கான பல்கலைக்கழகப் பணம் நின்றுபோனது. மாணவர்களும் பழைய மாணவர்களும் நிதி திரட்டித் தாங்களே நடத்த வேண்டியதாயிற்று.

இந்த விழாக்கள் மாணவர்களைப் பிரிக்கின்றன என்கிறார்கள் சிலர். பிரித்துவைப்பது எப்படி இருக்கும் என்பதை உங்கள் பல்கலைக்கழகம் அறியும். 1946இல் ஹீமன் ஸ்வெட் என்பவர் உங்கள் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால் இடம் மறுத்தார்கள். அவரைச் சேர்க்காமல் தவிர்க்க, மாநில அரசு தனியாக ஒரு சட்டக் கல்லூரியையே தொடங்கியது! 1950இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே உள்ளே நுழைந்தார். உடல்நலமும் மணவாழ்க்கையும் குலைய, பட்டம் பெறாமலே வெளியேறினார். இளநிலை வகுப்புகளில் கறுப்பின மாணவர்கள் சேர 1956 ஆயிற்று.

அன்று அவரை விலக்கிவைத்தது அரசு. இன்று இந்தப் பிள்ளைகள் பொது விழாவிலும் பட்டம் வாங்கிக்கொண்டு, தம் மக்களோடும் ஒரு மாலைப் பொழுது கூடி மகிழ விரும்புகிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது ஸ்வெட் பட்ட பாட்டை மறப்பதாகும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணின் தாய், தனக்குப் புரியும் ஸ்பானிய மொழியில் மகளுக்கான வாழ்த்தைக் கேட்பதால் யாருக்கு என்ன இழப்பு?

சட்டத்தை மீறச் சொல்லவில்லை. பதிவுபெற்ற மாணவர் அமைப்புகளின் நடவடிக்கைகளுக்கு அந்தச் சட்டமே விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். வளாகத்தில் நல்லதோர் அரங்கை அவர்களுக்கு ஒதுக்குங்கள். பட்டமளிப்பு வார நிகழ்ச்சி நிரலில் இந்த விழாக்களையும் சேருங்கள். முடிந்தால் நீங்களும் வந்து பெற்றோர்களுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள். அறிவிப்பை முன்கூட்டியே வெளியிட்டால், தொலைவிலிருந்து வரும் குடும்பங்கள் வேலையில் விடுப்புக் கேட்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஆஸ்டினில் வாழும் தமிழர் ஒருவர்