ஜெயித்த பிறகும் கோர்ட்டா?

விபத்தில் ஆளைப் பறிகொடுத்த குடும்பம் சொக்சோவில் பணம் கேட்கிறது. "வேலை விபத்து இல்லை" என்று பதில் வருகிறது. மேல்முறையீட்டு வாரியத்துக்கு அலைந்து, ஒருவழியாக ஜெயிக்கிறார்கள். பிறகு இன்னொரு கடிதம்: சொக்சோ உயர்நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. "நாங்கதான் ஜெயிச்சிட்டோமே, மறுபடியும் என்னங்க?" என்று கேட்பது நியாயந்தானே!

1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வாரியத்தின் உத்தரவோடு விவகாரம் முடிந்தது. முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே உயர்நீதிமன்றம் போகலாம். இந்த வழி தொழிலாளிக்கும் உண்டு, சொக்சோவுக்கும் உண்டு.

சட்டக் கேள்வி என்றால் என்ன? விடியற்காலை மோட்டார் சைக்கிளில் பெரட்டுக்குப் போனவர் வழியில் விழுந்து இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் நிறுத்தினாரா, எந்த ரோட்டில் விழுந்தார் என்பதெல்லாம் நடந்த சங்கதி. சாட்சிகளைக் கேட்டு வாரியம் முடிவு செய்துவிட்டது. நீதிபதி அதை மறுபடி கிளற வேண்டியதில்லை. ஆனால் கடையில் நிறுத்தியதால் வேலைக்குப் போகும் பயணமே முறிந்துவிட்டதா? இது 24-ஆம் பிரிவின் அர்த்தத்தைப் பற்றிய கேள்வி. இதைத்தான் நீதிமன்றம் பார்க்க வேண்டும். முதல் வகைக்கு இரண்டாம் வகைச் சட்டை மாட்டிவிட எந்த வக்கீலும் பார்ப்பார். நம் பக்கத்து வக்கீல் அங்கேதான் முதலில் மறிக்க வேண்டும்.

சட்ட விளக்கம் வேண்டுமென்று சொக்சோ போவதை நாம் தப்பு சொல்லவில்லை. ஒரு தீர்ப்பு ஆயிரம் பேருக்கு உதவும். நமக்குப் பொறுக்காதது வேறு. சொக்சோ மேல்முறையீடு செய்தால், வழக்கு முடியும்வரை பணத்தை நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நம் சம்பளத்தில் பிடித்ததும் முதலாளி கட்டியதும் சேர்ந்த பணம் அது. வக்கீல்கள் அர்த்தம் தேடும் காலமெல்லாம் விதவை வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? மாதப் பென்ஷனையாவது நிறுத்தாமல் கொடுக்கும்படி நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டையும் தண்ணியையும் கேட்கிறோம், இதையும் கேட்போம்.

அதுவரை ஒன்று. சங்கதி பதிவாகும் இடம் வாரியந்தான். பெரட்டுப் புத்தகம், மண்டோர் சாட்சி, போலீஸ் ரிப்போர்ட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிடுங்கள். கோர்ட்டுக் கடிதம் வந்தால் சாமி படத்துக்குப் பின்னால் சொருகாதீர்கள். அன்றைக்கே சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு நாள் கணக்கு உண்டு.