நிழலா, மின்சாரமா?
அரிசோனா கோடையில் கேம்பர் வேனுக்குள் ஏசி ஓட்ட கூரைமேல் நாலு சோலார் பேனல் போதும் என்று யாராவது சொன்னால், கணக்குப் போடாமல் நம்பாதீர்கள். கூரையில் பொருத்தும் 13,500 பிடியு ஏசி சுமார் 1,300 வாட் இழுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பதோ ஏறக்குறைய 1,280 வாட்-மணி; இன்வெர்ட்டர் விழுங்குவதையும் கழித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. பேனலுக்கு வெயில் வேண்டும். வெயிலில் நிறுத்தினால் தகரக் கூடு கொதிக்கும். மரநிழலுக்கு நகர்த்தினாலோ மின்சாரம் படுத்துவிடும். எனவே முதல் காசை இன்சுலேஷனுக்கும் ஜன்னல் மறைப்புக்கும் செலவழிப்பதே புத்திசாலித்தனம். பேட்டரி, சின்ன டிசி ஏசி எல்லாம் அப்புறம். சக்கரம் இருக்கிறதே, ஃபீனிக்ஸில் ஏன் வேக வேண்டும்? சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வண்டியை ஏற்றுங்கள். ஜூலை இரவிலும் அங்கே போர்வை தேடுவீர்கள்.