தேதி சொன்னா நம்ப மாட்டீங்களா?

‘நாள் தள்ளிப் போச்சு டாக்டர், இந்தக் கர்ப்பம் வேண்டாம்’ என்று ஒரு பெண் வந்து நிற்கிறாள். கடைசி மாதவிலக்கு என்றைக்கு என்று தேதியோடு சொல்கிறாள். ஆறு வாரம். விரல்விட்டே எண்ணிவிடலாம். ஆனால், பல இடங்களில் வருகிற பதில்: ‘முதல்ல ஸ்கேன் எடுத்துட்டு வாங்க!’

ஏன்?

1971 கருக்கலைப்புச் சட்டத்தில் ஸ்கேன் கட்டாயம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. மாத்திரையால் கலைக்க முன்பு ஏழு வாரம்தான் கெடு. 2021 விதிகள் அதை ஒன்பது வாரமாக்கின. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டி, ஸ்கேனை முன்நிபந்தனை ஆக்காதீர்கள் என்கிறது. இங்கிலாந்தில் 2020 கொரோனா காலத்தில், போனில் விசாரித்துவிட்டு, ஸ்கேன் இல்லாமலே மாத்திரையை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்னும் பின்னுமாக 50,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வந்தது. ஆபத்து கூடவில்லை. 2022-இல் அந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்க அங்கே நாடாளுமன்றமே ஓட்டுப் போட்டது.

ஸ்கேனே வேண்டாம் என்று சொல்லவில்லை. தேதி நினைவில்லையா, மாதவிலக்கு தாறுமாறாக வருகிறதா, காப்பர்-டி இருந்தும் கர்ப்பமா, ஒரு பக்கம் வயிறு வலிக்கிறதா... கட்டாயம் எடுங்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை கேட்காது, உயிருக்கே ஆபத்து. ஆனால், சந்தேகம் வந்தால் பார்ப்பது வேறு; வருகிறவர்களை எல்லாம் சந்தேகப்படுவது வேறு.

கிராமத்துப் பெண்ணுக்கு ஸ்கேன் சென்டர் என்பது பஸ் ஏறிப் போகிற தூரம். ஒரு நாள் கூலி போச்சு. அங்கே ‘ஃபார்ம் எஃப்’ நிரப்ப வேண்டும். அது கணவர் அல்லது பெற்றோர் பெயரைக் கேட்கும். பெண் சிசுவைக் காக்க வந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஆறு வாரக் கருவில் ஆணா பெண்ணா என்று எந்த ஸ்கேனிலும் தெரியாதே! 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதமே போதும், ரகசியம் காக்கணும் என்கிற சட்டம், ஸ்கேன் சென்டர் வாசலில் செருப்போடு சேர்ந்து வெளியே நிற்கிறது.

இன்றைக்கு மெஷின் ரிப்பேர், நாளைக்கு டாக்டர் லீவு. வாரங்கள் நிற்குமா? ஒன்பது தாண்டிவிட்டால் மாத்திரைக் கதவு சாத்தியாச்சு. அப்புறம் ஆஸ்பத்திரியில் உறிஞ்சி எடுக்கணும். அதற்கும் வழியில்லாதவள், சீட்டு கேட்காத மருந்துக்கடையைத் தேடிப் போவாள். பாதுகாப்பு என்ற பெயரில் அவளை அங்கே தள்ளியது யார்?

டாக்டர்களே, ஸ்கேன் எழுதுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். தன் உடம்பின் நாள் கணக்கு, மெஷினைவிட முன்னாடியே அவளுக்குத் தெரியும்.