குளிர்காலச் சோர்வு சோம்பலன்று



கார்த்திகை பிறந்துவிட்டது. சித்தூரிலும் திருப்பதியிலும் வாசற்படிகளில் அகல் விளக்குகள் ஒளிரும் மாதம் இது. நாம் குடியேறியிருக்கும் இலண்டன் மாநகரிலோ, பிற்பகல் 4 மணி கடந்ததும் இருள் சூழ்ந்துவிடுகிறது. மார்கழியில் நிலைமை இன்னும் கடினம். காலை 8 மணிக்கு மேல்தான் கதிரவன் தலை காட்டுகிறான். 4 மணியளவிலேயே மறைந்தும் விடுகிறான். திருப்பதியில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் 11 மணி நேரத்திற்கு மேல் நீடிக்கும். இலண்டனில் அது 8 மணி நேரத்திற்கும் குறைவு. இந்த வெளிச்சக் குறைவு நம் குடும்பங்களின் உடலையும் உள்ளத்தையும் எவ்வாறு தாக்குகிறது என்பதையும், அதற்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதையும் இம்மாதம் ஆராய்வோம்.

குளிர்காலம் தொடங்கியதும் நம் இல்லங்களில் சில மாறுதல்களைக் காண்கிறோம். கோடையில் சுறுசுறுப்பாய் இருந்த இல்லத்தரசி காலையில் எழுந்திருக்க இயலாமல் தவிக்கிறார். வேலையிலிருந்து திரும்பிய கணவர் எவரோடும் பேச விரும்பாமல் போர்வைக்குள் புகுந்து கொள்கிறார். சோறும் இனிப்பும் மேலும் மேலும் உண்ணத் தோன்றுகிறது. உடல் பருக்கிறது, ஊக்கம் குறைகிறது.

இவர்கள் எல்லோரினும் இரங்கத்தக்கவர்கள், ஊரிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த வயது முதிர்ந்த பெற்றோரே. மகனும் மருமகளும் வேலைக்குப் போய், பேரப்பிள்ளைகளும் பள்ளிக்கூடம் சென்றபின், பகல் முழுவதும் அவர்கள் தனியே வீட்டைக் காத்துக் கிடக்கின்றனர். ஊரில் விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்துக் கோலமிட்டு, பால்காரரிடமும் பூக்காரியிடமும் தமிழும் தெலுங்குமாக நான்கு வார்த்தை பேசி மகிழ்ந்தவர்கள் அவர்கள். இங்கே பேச ஆளில்லை, பார்க்க வெயிலில்லை.

அத்தகைய தாயார் "மனம் சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. "கை கால் அசதி" என்பார். "சோறு இறங்கவில்லை" என்பார். "இராத் தூக்கம் போயிற்று" என்பார். பிள்ளைகளோ, "வீடு கதகதப்பாக இருக்கிறது, டெலிவிஷனில் தமிழ் நிகழ்ச்சி ஓடுகிறது, அம்மாவுக்கு இன்னும் என்ன குறை?" என்று சலித்துக் கொள்கின்றனர். நோயாக இருக்கக்கூடிய ஒன்று சோம்பல் என்றும், நன்றியின்மை என்றும் பெயர் பெற்று விடுகிறது. இதனால் மாமியார் மருமகள் உறவு கசந்த இல்லங்களும் உண்டு. இது நியாயமன்று என்பதே நம் கருத்து.

குளிர்காலந்தோறும் வந்து வசந்தத்தில் விலகும் இம்மனச்சோர்வு கற்பனையன்று. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய மனநலக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் நார்மன் ரோசன்தால் என்பவரும் அவருடைய தோழர்களும் இதனைத் தனியொரு நோயாக விவரித்து எழுதினர். அந்த டாக்டரும் நம்மைப் போலவே குடியேறியவர் என்பது குறிப்பிடத்தக்கது. வெயில் நிறைந்த தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து நியூயார்க்குக்கு வந்தவர் அவர். குளிர்காலத்தில் தம் ஊக்கம் குன்றுவதையும், வசந்தத்தில் அது மீள்வதையும் அவர் தம்மிடமே கண்டார்.

இதன் காரணத்தை எளிதில் விளங்கிக் கொள்ளலாம். நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. உறக்கம், விழிப்பு, பசி, உற்சாகம் ஆகியவற்றை அது ஒழுங்கு செய்கிறது. நாள்தோறும் அக்கடிகாரத்தைச் சரி செய்து வைப்பது கண் வழியே புகும் காலை வெளிச்சம். அவ்வெளிச்சம் தாமதமானால் கடிகாரமும் பிந்தி ஓடுகிறது. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பு உரிய வேளையில் அடங்குவதில்லை. வீட்டு விளக்கு இக்குறையைப் போக்காதோ என்று கேட்கலாம். போக்காது. ஒளியை அளக்கும் அலகு லக்ஸ் எனப்படும். நம் கூடத்து விளக்கின் கீழ் சில நூறு லக்ஸ் ஒளிதான் உண்டு. மேகம் மூடிய குளிர்காலப் பகலிலுங்கூட, தெருவில் ஆயிரக்கணக்கான லக்ஸ் ஒளி இருக்கிறது.

வெயிலால் நமக்குக் கிடைக்கும் மற்றொரு நன்மை வைட்டமின் 'டி'. இது கண் வழியே வருவதன்று. வெயில் பட்ட தோலில் உண்டாவது. எலும்புக்கும் தசைக்கும் இன்றியமையாதது. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிக் குழம்புவோர் பலர். சன்னலோரம் அமர்ந்தால் கண்ணுக்கு ஓரளவு வெளிச்சம் கிடைக்கும். ஆனால் வைட்டமின் 'டி' உண்டாக்கும் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். மாத்திரை விழுங்கினால் எலும்புக்கு நலம். ஆனால் மூளையின் கடிகாரத்தை மாத்திரை சரி செய்யாது.

இவ்விஷயத்தில் நம் திருப்பதியே உலகிற்கு ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. அங்குள்ள ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் சி. வி. ஹரிநாராயண் முதலியோர், திருப்பதி நகரத்தாரையும் சுற்றுப்புறக் கிராமத்தாரையும் சோதித்து, 2007-ல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஆண்டு முழுவதும் வெயில் காயும் அப்பூமியிலேயே, நோயற்றவர்களாய்த் தோன்றிய மக்களிடம் வைட்டமின் 'டி' குறைவு மிகுதியாய்க் காணப்பட்டது. வயலில் உழைக்கும் கிராமத்தாரைக் காட்டிலும், கூரைக்குள் வாழும் நகரத்தாரிடம் அக்குறை அதிகம். திருப்பதி வெயிலில் எந்த வேளையில் இச்சத்து மிகுதியாய் உண்டாகிறது என்பதையும் அவர்கள் ஆராய்ந்தனர். பகல் 11 மணி முதல் 2 மணி வரை என்பது 2013-ல் வெளியான முடிவு.

இதிலிருந்து நாம் அறிவது யாது? வெயில் ஊரில் இருந்தால் மட்டும் போதாது; நாம் வெயிலில் இருக்க வேண்டும். திருப்பதியிலேயே வீட்டுக்குள் இருப்போருக்குக் குறை உண்டாகுமானால், இங்கு அடைந்து கிடப்போர் கதி என்ன? இந்நாட்டில் அக்டோபர் முதல் மார்ச்சுத் தொடக்கம் வரை தோலில் வைட்டமின் 'டி' உண்டாகப் போதிய கதிர்களே இல்லை. ஆதலால் அம்மாதங்களில் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், மாத்திரையாக உட்கொள்வது பற்றி எல்லோரும் எண்ண வேண்டும் என்பது பிரிட்டிஷ் சுகாதாரத் துறையின் யோசனை. நம்மைப் போன்ற கருநிறத் தோலினரும், வெளியே செல்லாத முதியோரும் ஆண்டு முழுவதுமே இதை மேற்கொள்வது பற்றி எண்ண வேண்டும் என்றும் அத்துறை கூறுகிறது. எண்ணெய்ச் சத்துள்ள மீனிலும் முட்டையின் மஞ்சட் கருவிலும் இச்சத்து உண்டு. சித்தூர்ப் பக்கத்தில் நாம் உண்டு வளர்ந்த கேழ்வரகுக் களியை இங்கும் மறக்க வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

இனி, உள்ளச் சோர்வுக்குச் செய்யத்தக்கதைப் பார்ப்போம். நம் முன்னோர் மார்கழியை வீட்டுக்குள் கழிக்கவில்லை. திருமலையில் நாள்தோறும் ஒலிக்கும் சுப்ரபாதத்திற்குப் பதிலாக மார்கழி முழுவதும் திருப்பாவை ஒலிப்பதை நாம் அறிவோம். எந்தச் சமயத்தினராயினும், அம்மாதத்தில் ஊர் முழுவதும் விடியுமுன் விழித்துக் கொள்ளும். கோலம் இடுவோரும், பஜனை செய்வோரும், கோயிலுக்குப் போவோருமாகத் தெரு நிறைந்திருக்கும். அங்கே மனிதர் ஒருவரையொருவர் கண்டனர், பேசினர், நடந்தனர், பொழுது விடியும்போது வெளியே இருந்தனர். பண்டிகைகளை நாம் இங்கும் கொண்டு வந்தோம். வெளியே செல்லும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டோம்.

அவ்வழக்கத்தை மீட்பதே நம் முதல் யோசனை. இங்கே விடியுமுன் சென்று பயனில்லை. வெளிச்சம் வந்த பிறகு, காலையில் எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், அரை மணி நேரம் வெளியில் நடக்க வேண்டும். நாள்தோறும் அதே வேளையில் நடப்பது நல்லது. பேரனைப் பள்ளியில் விட்டுவரும் பொறுப்பைத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கொடுங்கள். நல்ல காலணியும் மேற்சட்டையும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். வழுக்கும் பனியிருக்கும் நாளில் மட்டும் நிறுத்தி வையுங்கள். அண்டையில் வேறொரு தமிழ்க் குடும்பம் இருப்பின், இரு வீட்டுப் பெரியோரும் சேர்ந்தே நடக்கட்டும். வெளிச்சம் ஒரு மருந்தென்றால், தாய்மொழியில் பேசும் துணை மற்றொரு மருந்து.

வெளியே செல்ல இயலாதவர்களுக்கு 10,000 லக்ஸ் ஒளி தரும் விளக்குப் பெட்டிகள் விற்கின்றன. விழித்தெழுந்தவுடன் அரை மணி நேரம் அதன் முன்னே அமர்ந்து காப்பி அருந்தலாம், பத்திரிகை படிக்கலாம். விளக்கையே உற்று நோக்க வேண்டியதில்லை. கண்ணோய் உள்ளவர்களும், உற்சாகம் கரைபுரண்டு பின் சோர்வில் வீழும் மனநோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேளாமல் இதைப் பயன்படுத்தலாகாது.

ஆனால் வெளிச்சமும் நடையும் மட்டும் போதுமென்று நாம் சொல்ல மாட்டோம். அதற்கும் நம் ஜில்லாவிலேயே ஒரு சான்று உண்டு. பழைய சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகில், ஆரோக்கியவரம் என்னும் இடத்துக் காசநோய் ஆஸ்பத்திரியைக் கேள்விப்படாத குடும்பம் அப்பகுதியில் அரிது. பல கிறிஸ்தவ மிஷன்கள் ஒன்றுகூடி 1912-ல் நிறுவியது அது. டென்மார்க்கு நாட்டு டாக்டர் பிரிமாட் மோலர் அதன் முதல் தலைவர். நோயைக் கொல்லும் மருந்து இல்லாத அக்காலத்தில், தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே வைத்தியம். பலர் தேறினர், தேறாதவரும் பலர். பிறகு மருந்துகள் வந்தன. 1956 முதல் சென்னையில் நடந்த ஆராய்ச்சியொன்று, சரியான மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், நெருக்கடியான ஏழை வீட்டில் இருந்தவாறே காசநோயாளி குணமடைய முடியும் என்று 1959-ல் உலகிற்குக் காட்டியது. காற்றும் ஓய்வும் நல்லவைதாம்; ஆனால் மருந்து வேண்டிய இடத்தில் மருந்துதான் வேண்டும். மனச்சோர்வுக்கும் இதுவே நியாயம். காசத்திற்கு மாத்திரை உண்பதில் இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் ஏன்?

சோர்வு இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் குடும்ப டாக்டரிடம் செல்லுங்கள். தைராய்டுக் குறைவும், இரத்தச் சோகையும், மரக்கறி உணவினரிடம் காணப்படும் வைட்டமின் 'பி12' குறைவும் இதே அசதியைத் தரக்கூடும். இரத்தச் சோதனையில் அவை தெரிந்துவிடும். மனச்சோர்வுதான் என்றால், பேசித் தெளிய வைக்கும் சிகிச்சையும் உண்டு, மாத்திரைகளும் உண்டு. சில மாதம் தங்கிப் போக வந்த பெற்றோரும் இங்கிலாந்தில் குடும்ப டாக்டரிடம் தற்காலிகமாகப் பதிவு செய்து கொள்ளலாம். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். மகனுக்கு முன்னால் சொல்லத் தயங்குவதை, அறிமுகமில்லாத மொழிபெயர்ப்பாளரிடம் தாயார் சொல்லிவிடக் கூடும்.

உடல் நலத்திலும் கருத்து வேண்டும். குளிரில் இரத்த அழுத்தம் உயரும். ஆதலால் அதற்குரிய மாத்திரைகளை இடையில் நிறுத்தலாகாது. 65 வயது நிறைந்தவர்களும், ஆஸ்துமா, நீரிழிவு போன்ற நோயுள்ளவர்களும் இலையுதிர் காலத்திலேயே இன்புளூயன்சா தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். "இனி இருந்து என்ன பயன்?" என்று பெரியவர் ஒருவர் சொன்னால், அதை முதுமையின் புலம்பலென்று தள்ளிவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது, பாரம் குறையும். ஆபத்தென்று தோன்றினால் தனியே விடாமல் 999-ஐ அழையுங்கள். மனம் விட்டுப் பேச 116 123 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி ஆள் கிடைப்பார்.

தாய்மார்களே, பெரியோர்களே! ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும் ரத சப்தமியன்று, திருமலையில் பெருமாள் வைகறையில் சூரியப் பிரபை வாகனத்தில் எழுந்தருளுவார். அந்நாள் வருவதற்குள் இலண்டனிலும் பகல் ஏறத்தாழ ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீண்டிருக்கும். இருள் நிலையானதன்று. அதுவரை, நம் வீட்டில் எவரும் இருளில் தனியே இராதபடி பார்த்துக் கொள்வது நம் பொறுப்பு. நாளைக் காலை வெளிச்சம் வந்ததும், வீட்டுப் பெரியவரைக் கைபிடித்து வாசலுக்கு அழைத்து வாருங்கள். அனைவர்க்கும் நல்ல உடலும் தெளிந்த உள்ளமும் வாய்ப்பதாக!