மதராஜ்யமும் வர்த்தகத் தடையும்

ஈரான் தேசத்தின் மீது போடப்பட்ட வர்த்தகத் தடையைத் தளர்த்தினால் முல்லாக்களின் ஆட்சி தானாகவே மாறிவிடும் என்று ஒரு கூட்டத்தாரும், தளர்த்தவே கூடாது, வயிறு காய்ந்தால்தான் ஜனங்கள் கிளம்புவார்கள் என்று மற்றொரு கூட்டத்தாரும் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். இரு கூட்டத்தாருக்கும் மதராஜ்யம் என்றால் இன்னதென்று தெரியவில்லை என்றே சொல்லுவோம். தஞ்சை ஜில்லாக்காரனுக்கு அது தெரியும்.

எப்படி என்றால், மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருஷத்தில் பண்டார சந்நிதி எவராவது பட்டினி கிடந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? திருவாவடுதுறையிலும் தருமபுரத்திலும் திருப்பனந்தாளிலும் மகேசுவர பூஜை நின்றதுண்டா? நின்றதெல்லாம் சேரியில் உலைதான். வயிறு காய்ந்த பண்ணையாள் மடத்தைக் கவிழ்த்துவிடவில்லை. கடன் நெல்லுக்காக அதே காரியஸ்தன் வாசலில் கைகட்டி நின்றான். மடம் ஆட்டங்கண்டது, பனகால் அரசர் காலத்து இந்து மத பரிபாலனச் சட்டம் “கணக்கைக் காட்டு” என்று கேட்டபோதும், பண்ணையாட்கள் சங்கம் கட்டி, 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, நினைத்தபோது ஆளை விரட்ட முடியாது என்றானபோதும்தான்.

ஈரானிலும் இதே கதைதான். ஷாவை விரட்டியபின் 1979இல் ஏற்பட்ட அரசியல் சட்டம் ஒரு மதகுருவை எல்லோருக்கும் மேலே உட்கார்த்தி வைத்தது. தேர்தல் உண்டு. ஆனால் யார் நிற்கலாம் என்பதை 12 பேர் கொண்ட காவல் சபை சொல்லும். அதில் 6 பேர் அந்த மதகுருவே நியமிக்கும் மதவாதிகள்! மாஷாத் நகரத்து இமாம் ரேஸா தர்காவின் நிலத்தையும் ஆலைகளையும் கம்பெனிகளையும் பார்த்தால் நம் ஆதீனங்கள் பரம ஏழைகள். 2016 முதல் 2019 வரை அந்தச் சொத்துக்குத் தர்மகர்த்தாவாக இருந்த ரைசியே 2021இல் ஜனாதிபதியானார்.

தடையினால் இவர்களுக்கு என்ன நஷ்டம்? சரக்கு நேர்வழியில் வராவிட்டால் கள்ளவழியில் வரும். கள்ளவழிக்குத் துறைமுகமும் துப்பாக்கியும் வேண்டும். இரண்டும் புரட்சிக் காவல் படையாரிடம் இருந்தன. கரைந்து போனது வாத்தியார் சம்பளமும் ஆலைத் தொழிலாளி கூலியும்.

சரி, தளர்த்திப் பார்த்தார்களே, என்னவாயிற்று? 2015 ஜூலையில் உடன்படிக்கை. 2016 ஜனவரியில் தடை தளர்ந்தது. அடுத்த மாதத் தேர்தலில் டெஹரான் நகரத்து 30 ஸ்தானங்களையும் மிதவாதிகளும் சீர்திருத்தக்காரரும் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். மூச்சுவிட இடம் கிடைத்தால் ஜனங்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? ஆனால் காவல் சபையின் பூட்டு அப்படியே இருந்தது. பெண்களின் தலைத்துணிச் சட்டமும் அப்படியே இருந்தது. 2018 மே மாதத்தில் டிரம்ப் உடன்படிக்கையை உதறினார். பேச்சுவார்த்தையை நம்பச் சொன்னவர்களை வைதீகர்கள் பரிகசிக்க வாய் கிடைத்தது. 2020இல் எதிரிகளைத் தேர்தலில் நிற்கவொட்டாமல் தள்ளிவிட்டுச் சபையைப் பிடித்தார்கள்.

2022 செப்டம்பரில் மாஷா அமினி என்ற 22 வயதுப் பெண், தலைத்துணி சரியில்லையென்று பிடிக்கப்பட்டுக் காவலில் மாண்டபோது தேசமே கிளம்பிற்றே, அது வயிற்றுக்காகவா? மானத்துக்காக! அதை எந்த வல்லரசும் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை.

நமக்கென்ன ஈரான் என்று நாகப்பட்டினத்தார் சொல்ல முடியாது. பனங்குடியில் 1993இல் ஆலை வைத்த எண்ணெய்க் கம்பெனி, 1965இல் சென்னையில் ஆரம்பமானபோதே ஈரானின் கம்பெனி அதில் பங்காளி. 2019இல் அமெரிக்காவின் மிரட்டலுக்குப் பயந்து இந்தியா ஈரான் எண்ணெயை நிறுத்தியது. அதனால் எந்த முல்லாவின் பீடம் ஒரு விரற்கடை ஆடிற்று?

ஆகவே, தர்காப் பணத்தையும் படைத்தலைவர்களின் அயல்நாட்டுப் பெட்டிகளையும் பூட்டட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை. கடைக்காரனையும் மாணவனையும் நோயாளியையும் விட்டுவிடட்டும். மருந்துக்குத் தடையில்லை என்று காகிதத்தில் எழுதிவிட்டு, பணம் அனுப்பும் பாங்கியை மிரட்டினால் மருந்து எப்படி ஐயா போய்ச் சேரும்?