வாட் கணக்கு, வெட்டிக் கணக்கு!

டிஸ்கி: நான் பி.காம். மாணவன். ஆப்டிக்ஸ் பற்றிப் பேச உனக்கு என்னடா தகுதி என்று கேட்பவர்களுக்கு: இது ஆப்டிக்ஸ் அல்ல, காஸ்டிங் :-)

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து ராத்திரி பைக்கில் வந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு சாலை, பெயர் வேண்டாம். புது எல்.ஈ.டி. விளக்குகள். கம்பத்தடியில் பட்டப்பகல், இரண்டு கம்பத்துக்கு நடுவில் கும்மிருட்டு. அந்த இருட்டில் நடந்து வந்த பெரியவர் ஒருவரை மயிரிழையில் தவறவிட்டேன். எதிர் விளக்கு கண்ணில் அடித்ததால் இருட்டு இன்னும் இருட்டாகிவிட்டது.

தூத்துக்குடி உப்பளத்தில் தண்ணீரை ஒரு மூலையில் கொட்டிவிட்டு வருவார்களா? பாத்தி முழுக்கச் சமமாக நிற்க வேண்டாமா? வெளிச்சமும் அப்படித்தான். ஆனால் நாம் விளக்கு வாங்கும்போது கேட்பது இரண்டே கேள்வி: எத்தனை வாட், என்ன விலை?

கேட்க வேண்டியது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது. கேமரா லென்ஸ் பிம்பம் காட்ட வேண்டும். தெருவிளக்கு லென்ஸுக்கு அந்த வேலை இல்லை. ஒளியைச் சாலையில் சேர்த்தால் போதும். பிம்பம் தேவைப்படாத இந்த ஒளியியலை 1960-களில் அமெரிக்காவில் வின்ஸ்டன், சோவியத்தில் பரனோவ், ஜெர்மனியில் ப்ளோக் ஆகியோர் தனித்தனியாக வளர்த்தார்கள்.

வடிவமைப்பது எப்படி? கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான ஒளிக்கதிர்களை லென்ஸ் வழியாக அனுப்பி, எது எங்கே விழுகிறது என்று எண்ணுவார்கள். குருட்டாம்போக்கில் எண்ணினால் செலவு அதிகம்: பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு கதிர் வேண்டும். அதனால்தான் 'விளிம்புக் கதிர்' என்ற குறுக்குவழி. விளக்கின் விளிம்பிலிருந்து கிளம்பும் கதிர்களை இலக்கின் விளிம்பில் சேர்த்துவிட்டால், நடுவில் உள்ளவை தானாக உள்ளே விழும். முதலில் இப்படி லென்ஸின் வடிவத்தைப் பிடித்துவிட்டு, கடைசியில் முழுக் கணக்குப் போட்டுச் சரிபார்த்தால் போதும்.

இப்போது நம்ம பாடம். ஒரு பேச்சுக்கு, 3000 லூமென் விளக்குகள் இரண்டு. முதலாவது ரூ.3000, சாலையில் விழுவது 40 சதவீதம். இரண்டாவது ரூ.4000, விழுவது 70 சதவீதம். பயன்படும் ஒரு லூமெனுக்கு முதலாவதில் ரூ.2.50, இரண்டாவதில் ரூ.1.90. எது மலிவு? வருஷக்கணக்கில் கட்டப்போகும் கரண்ட் பில்லை நான் இன்னும் சேர்க்கவே இல்லை!

"எல்.ஈ.டி. வந்து மின்சாரம் மிச்சமாச்சே" என்பீர்கள். உண்மைதான். 2015-ல் தேசியத் தெருவிளக்குத் திட்டம் வந்த பிறகு நாடு முழுக்க மாறியது. ஆனால் வெளிச்சத்தை வயலுக்கும் வானத்துக்கும் அனுப்பிவிட்டு மிச்சம் என்று சொல்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமந்துவிட்டு கனம் குறைந்தது என்று சந்தோஷப்படுவது மாதிரி.

சட்டத்தில் இடமில்லையா என்றால், இருக்கிறது. சாலை விளக்குக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1944, சராசரி வெளிச்சத்தோடு சீர்மையையும் கேட்கிறது. விளக்கின் ஒளி எந்தத் திசையில் எவ்வளவு போகிறது என்ற ஐ.இ.எஸ். கோப்பை உற்பத்தியாளரிடம் கேட்டு வாங்கலாம். டயலக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் போட்டால் இருட்டுத் திட்டு எங்கே வரும் என்பது கம்பம் நடும் முன்பே தெரிந்துவிடும்.

டெண்டரில் ஒரே ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வரி இல்லாததற்கு, இருட்டில் நடக்கும் பெரியவர்கள் விலை கொடுக்கக் கூடாது.